வச்சிரம் பூசிய கத்திப் பிடி

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அம்மாக்கண்ணுவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். பெயர் வைத்தவர்களுக்குக் கேட்கிற காதும் இருந்திருந்தால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கவே மாட்டாள் என்பது என் கட்சி. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்தில், நான் அவளுக்கு அடுத்த அறையில், அதாவது அடுத்த காம்பராவில் இருந்தவள். இரண்டுக்கும் நடுவே கூரைவரை போகாத ஒரு சுவர்தான். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவருக்கு மேலே வந்து விழுந்தது.

அம்மாக்கண்ணு வட்டவளையிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். பகலெல்லாம் கொழுந்து எடுப்பாள். புருஷன் அழகுமுத்து தோட்டத்து நாவிதர். கை சுத்தம், ஆனால் பயந்த மனசு. தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி தூரத்தில் இருமினால்கூட இவர் எழுந்து நின்றுவிடுவார்.

அழகுமுத்து ராகலைக் கடைத்தெருவில் பழைய சீமைச் சவரக் கத்திகளை வாங்கி வருவார். அலகு நன்றாக இருக்கும், பிடி வெடித்துப் போயிருக்கும். புதுப் பிடி போடுவது அம்மாக்கண்ணுவின் வேலை. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டையைச் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் வச்சிரம் பூசுவாள். வச்சிரம் என்பது மாட்டுத்தோலைக் கொதிக்கவைத்து எடுக்கிற பசை. கீழ் லயத்துச் செல்லசாமி தப்புப் பறைக்குத் தோல் கட்டுகிறவர். வெட்டிப் போட்ட தோல் துண்டுகளை அவர் பெண்சாதி ராக்காயி தன் அடுப்பில் காய்ச்சி, கட்டியாக்கி, மடியில் முடிந்து கொழுந்து மலைக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டு பேரும் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள். அப்படித்தான் சிநேகிதம் உண்டானது.

முதல் தடவை பூசியபோது நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. அழகுமுத்துவின் ஈரக் கையில் பசை இளகி, பிடி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. பாதி வழித்த மண்டையோடு ஒரு ஆளைத் தான் சவரம் செய்கிற சவுக்கு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, கத்தியும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். லயமே சிரித்தது. அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. சவரம் முடிந்து கன்னத்தில் தேய்க்கிற படிகாரக் கல்லை எடுத்துத் தண்ணீரில் கரைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூச்சுக்கும் மேலே படிகாரத் தண்ணீரால் ஒரு துடைப்பு, அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் ஒரு உலர்த்தல், கிழிந்த கம்பளியால் ஒரு தேய்ப்பு. திரும்பத் திரும்ப இதையே செய்வாள். பசை இறுகிப்போய்த் தண்ணீருக்கு அசையாது. கடைசியில் அந்தப் பிடியில் நம் முகம் தெரியும்.

அந்த மினுக்கம் பெரிய கங்காணியின் கண்ணில் பட்டது. வந்தது வினை. மினுங்குகிற கத்தி தன் வீட்டுக்கும் தன் சொந்தக்காரர்களுக்கும் மட்டும் என்றார். மேல் லயத்து மற்ற ஆட்களுக்கு வெறும் மரப்பிடிக் கத்தி. கீழ் லயத்துக்காரர்களுக்கு எந்தக் கத்தியும் கிடையாது. சாதியில் தாழ்ந்தவர்கள் என்பது அவர் தீர்ப்பு. அவர்கள் கண்ணாடித் துண்டை மரத்தில் சாய்த்துவைத்து, பிளேடால் தாங்களே கீறிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்களான எங்களிடமிருந்து இலங்கை அரசாங்கம் ஓட்டுரிமையைப் பறித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சாதி பார்க்கிற இந்த அதிகாரம் மட்டும் யாரிடமிருந்தும் போகவில்லை. அந்தப் பிடி எதனால் மினுங்குகிறது என்று கங்காணி கேட்கவே இல்லை. ஏதோ அரக்கு என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

ராக்காயியின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொழுந்து மலையில் நிற்கும்போது ராக்காயி கேட்டாள்.

"அம்மாக்கண்ணு, என் மவனுக்கு மாப்பிள்ள சவரத்த உன் வூட்டு அண்ணந்தான் செய்யணும். நீ சொன்னா செய்யும்."

"கங்காணிக்குத் தெரிஞ்சா லயத்த விட்டு எறக்கிருவான்டி."

ராக்காயி கூடையை இறக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. "நான் காய்ச்சுற வச்சிரம் அந்தக் கத்திக்கு ஆகுது. என் மவன் தாடைக்கு அந்தக் கத்தி ஆகாதா?"

அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்று தைத்தது. மூச்சுக்கு முந்நூறு பேச்சு பேசுகிறவள் அன்று மலை இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"வேணாம் புள்ள," என்றார் அழகுமுத்து. "வேலையில பேர வெட்டிட்டா எங்க போயி நிப்போம்? நமக்குன்னு எந்த ஊரு இருக்கு?"

"இந்தக் காம்பராவுக்காக எத்தன காலத்துக்குங்க குனியுறது? நீங்க செய்யலைன்னா கத்திய நான் எடுக்குறேன். கன்னம் கிழிஞ்சா அந்தப் பழி உங்களுக்கு."

அவர்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், எல்லாரும் உட்காருகிற அதே பெட்டியில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, கங்காணி வீட்டு மினுங்குகிற கத்தியாலேயே செய்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கங்காணி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஒரு கீறல் இல்லை. அம்மாக்கண்ணு பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கங்காணி வீட்டிலிருந்து ஆள் வந்தது. இரண்டு பேரும் போனார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னால் போனோம். கங்காணியின் மைத்துனர்களும் பங்காளிகளும் விறாந்தையில் கூடியிருந்தார்கள்.

"என் முகத்துல வைக்கிற கத்திய அவன் முகத்துல வச்சியாடா?" என்றார் கங்காணி. "நாளைக்கே துரைகிட்ட சொல்லி ரெண்டு பேரையும் தோட்டத்த விட்டு வெரட்டுறேன்."

அழகுமுத்து தரையைப் பார்த்தார். அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள்.

"சொல்லுங்கய்யா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். அந்தப் பிடி எதால மினுங்குதுன்னு தெரியுங்களா?"

கங்காணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வச்சிரமுங்க. மாட்டுத்தோலு. ராக்காயி வூட்டு அடுப்புல, அவ சட்டியில வெந்தது. இத்தன வருசமா உங்க கன்னத்துக்கும் உங்க பங்காளிமாரு கன்னத்துக்கும் ஒரு வெரக்கட தூரத்துல இருந்தது அதுதானுங்க."

மைத்துனர் ஒருவர் தன்னை அறியாமல் தாடையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் அடைத்தேன். கங்காணியின் முகம் செத்துப்போனது. எழுந்து கத்தினார், என்னென்னமோ திட்டினார். அம்மாக்கண்ணு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"தொரைகிட்ட சொல்லுங்கய்யா. ஏன்னு கேப்பாரு. நானும் வந்து சொல்றேன். ராகலைச் சந்தையிலயும் சொல்றேன்."

அன்று அழகுமுத்து சட்டிபானையைச் சாக்கில் கட்டிவைத்தார். அவள் அதை அவிழ்த்து உலை வைத்தாள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கங்காணி வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த மனுஷன். இந்தக் கதை தோட்டம் தாண்டினால் எந்தச் சம்பந்தி வாசலேறுவான்? ஆனாலும் எந்த நேரமும் ஆள் வரலாம் என்ற பயம் அழகுமுத்துவைவிட்டுப் போகவில்லை. கங்காணி பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய் சலூனில் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். தனக்கு முன்னால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தான் என்று அங்கே அவர் கேட்டிருக்க முடியாது. கீழ் லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக மேலே வரத் தொடங்கினார்கள். அம்மாக்கண்ணு மரப்பிடிக் கத்திகளையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வச்சிரம் பூசிவிட்டாள்.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா. முதல் பரிவட்டம் எப்போதும் பெரிய கங்காணிக்குத்தான், அதற்கு மழித்த முகத்தோடு நிற்க வேண்டும். அந்த வருடம் கொட்டிய மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. பஸ் இல்லை. திருவிழாக் காலையில் ஆள் அனுப்பினார்: அழகுமுத்து வெறும் மரப்பிடிக் கத்தியோடு வீட்டுக்கு வர வேண்டுமாம்.

"மரப்பிடி ஒண்ணும் இல்லைன்னு சொல்லு," என்றாள் அம்மாக்கண்ணு. "மரத்தடியில கூட்டம் நிக்குது. வேணும்னா அய்யாவ இங்க வரச் சொல்லு."

வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வந்தார். ஒரு வாரத்துத் தாடியோடு, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பெட்டியில் செல்லசாமி உட்கார்ந்திருந்தார், சாமி புறப்பாட்டுக்குத் தப்படிக்கப் போக வேண்டியவர். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சவுக்கார நுரை. கங்காணியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அவர் பாதி எழுந்தார். அம்மாக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் அழகுமுத்து இடது கையைச் செல்லசாமியின் தோளில் வைத்து அழுத்தி உட்காரவைத்தார். கங்காணியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்கய்யா. இவருக்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கு."