வாழைக்குப் பின்னால் இருந்தவர்

என் முப்பது வயதுகளில் ஒரு மனிதரின் முகத்தை அருவருப்பினால் அழித்தேன். குலசேகரம் பக்கம் மூடிப்போன தொழுநோயாளர் இல்லத்தின் பழைய புகைப்படங்களைத் திருச்சபையின் ஆல்பத்துக்காக வர்ணம் தீட்டித் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. ஒன்றில் ஒரு பெண்ணும், அருகே மூக்கு கரைந்த ஒருவரும் நின்றார்கள். அவர்மேல் வாழை ஒன்றை வரைந்துவிட்டேன்.

ஆல்பத்தைப் பார்த்த அந்தப் பெண்ணே தேடி வந்தார்.

"வாழை நல்லாத்தான் குலை தள்ளியிருக்கு சாரே. எங்க அண்ணன எங்க கொண்டு வச்சீரு? செத்தவனுக்கு வேற படமில்ல."

ஈரப் பஞ்சால் வர்ணத்தைத் துடைத்தேன். வாழையோடு முகமும் உரிந்து வந்தது. பஞ்சில் ஒட்டிய கறுப்பைக் கழுவிய பிறகும் என் விரல்கள் எனக்கே அருவருப்பாக இருந்தன. மன்னிப்புக் கேட்டேன். அவர், அண்ணனின் தோளும் வேட்டியும் மட்டும் மிஞ்சிய படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.