கென்னி எண்ட்விஸில் கேக்காத பாட்டு

மான்செஸ்டர்ல குப்பை லாரி ஓட்டுற கென்னி எண்ட்விஸில் மாதிரி ஒரு முட்டாளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பார்த்திருந்தா அது அவன் மச்சான் ராயாத்தான் இருக்கும். கென்னி சிவப்புக் கட்சி. அரசியல் இல்லீங்க, அதுல எல்லாம் இவ்வளவு வெறி யாருக்கும் கிடையாது. ஃபுட்பால். ஊர்ல ரெண்டு டீமு, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். நடுவுல எவனும் கிடையாது. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் துப்புவானுங்க.

கென்னி வீட்டுல நீலம்னு ஒரு பொருள் இருக்கக் கூடாது. கெட்டிப் பால் நீல மூடி போட்டு வருதுங்கிற ஒரே காரணத்துக்காக, முப்பது வருஷமா சிவப்பு மூடி போட்ட தண்ணிப் பாலைக் குடிச்சிட்டு இருக்கான். அதுல டீ போட்டா பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கும். "ஆஹா, என்ன ருசி!"ன்னு கண்ணை மூடிக்குவான். தெருவுல காகிதம் போடுற டப்பா நீலமா, அதை அவன் தொட மாட்டான். கூட வர்றவன்தான் இழுத்துட்டு வரணும். ஒருக்கா பித்தப்பையில கல்லுன்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஆபரேஷனுக்கு நீல அங்கி குடுத்தாங்க. போட மாட்டேன்னுட்டான். உள்ள கல்லு உருளுது, வெளிய இவன் அம்மணமா நின்னு நர்ஸோட சண்டை போடுறான். கடைசியில போர்வையைச் சுத்தித்தான் தள்ளிட்டுப் போனாங்க. ஆனானப்பட்ட டாக்டரே சிரிச்சதுல கத்தி எங்க போகுமோன்னு மத்தவங்க பயந்துட்டாங்களாம்.

இப்படிப்பட்டவன் கட்டிக்கிட்டது யாரைன்னா, நீலக் குடும்பத்துப் பொண்ணு மோரீனை! காதல் வந்தப்ப அவ மஞ்சள் கோட்டு போட்டிருந்தா, அதனால நீலம்னு தெரியலை. கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுல இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம். பாதிரியார் "ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லுங்க"ன்னு கேட்டதும் ரெண்டு பக்கமும் எந்திரிச்சு நின்னு பாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டாங்க. அதுல ரொம்ப சத்தமாப் பாடினது மோரீனோட அண்ணன் ராய். அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை. ரெண்டு பேரும் ஒருத்தனை விட்டு ஒருத்தன் பிரியவும் மாட்டான், ஒரு நாள் ஒழுங்காப் பேசவும் மாட்டான்.

இந்தக் கூத்துக்கு நடுவுல பொறந்தவ பிரயோனி. ஒரே பொண்ணு. எங்கிருந்துதான் அவளுக்கு அந்தக் குரல் வந்துச்சோ! கிட்டாரை மடியில வெச்சிட்டு, பக்கத்துல இருக்கிறவனுக்கு மட்டும் சொல்ற மாதிரி மெதுவாப் பாடுவா. அப்பன் தொண்டையில இருந்து வந்தது இல்லைங்கிறது சத்தியம். அவன் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். வீட்டுல அவ பாடி இவன் கேட்டதே கிடையாது. இவன் உள்ள வந்தா டிவியில மேட்ச் ஓடும், அவ கிட்டாரை எடுத்துட்டு மாடிக்குப் போயிடுவா.

போன ஜூன் மாசம் அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சுது. ஊரே பைத்தியமா இருக்கிற ஒரு பாட்டுக் கோஷ்டி பெரிய கச்சேரி வெச்சிருந்தாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கட்டிப் போட ஒரு ஆள் வேணும். பிரயோனியைக் கூப்பிட்டுட்டாங்க. மூணு பாட்டு. நாப்பதாயிரம் பேரு. எல்லாம் சரி, இடம்தான் வில்லங்கம். நீலக்காரன் மைதானம்!

"அப்பா, நீ வரணும்"னா பிரயோனி.

கென்னி வாயில இருந்த ரொட்டி அப்படியே நின்னுச்சு. "கண்ணு, அந்த மைதானத்துக்குள்ள நான் கால் வெச்சா எங்கப்பன் கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து அறைவான்."

"மூணாவது பாட்டு நானே எழுதினது. உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தியா? என்னன்னு?"

"வந்து கேளு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நான் பாடும்போது வாயைத் தொறக்காத. கத்தக் கூடாது, கோஷம் போடக் கூடாது. சும்மா நின்னு கேக்கணும். முடியுமா?"

"இதென்ன பெரிய விஷயம்? எங்கம்மா மேல சத்தியம்"னுட்டான். பாவம் அந்தம்மா. அவன் பண்ணின சத்தியத்துல எத்தனை தடவை செத்திருக்கும்னு கணக்கே இல்லை.

அன்னைலேர்ந்து அவனுக்குத் தூக்கம் போச்சு. லாரி ஓட்டும்போது, பீர் குடிக்கிற பப்புல, கழிப்பறையில, எங்கயும் இதே பேச்சு. "என் பொண்ணு என்னை வெச்சுப் பாட்டு எழுதியிருக்கா. என்ன எழுதியிருப்பா?" நல்லதா, கெட்டதா? ஒரு பொண்ணு அப்பனை என்ன நெனைக்குறாங்கிறது உலகத்துல ஒரே ஒரு தடவைதான் இவ்வளவு வெளிப்படையாத் தெரிய வரும். அதுக்காக அவன் நீலக்காரன் வாசலை மிதிக்கவும் துணிஞ்சிட்டான்.

மிதிச்சான்னா, நேரா இல்லை. ரெண்டு கால்லயும் கடைப் பையைக் கட்டிட்டு வந்தான். வாசல்ல நின்ன காவலாளி, "சார், காலுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டான்.

"ஒண்ணும் ஆகலை. ஆயிடக் கூடாதுன்னுதான்"னான் கென்னி.

பின்னால வந்த ராய் நெஞ்சை நிமித்திட்டு, "எங்க வீட்டுக்கு வந்திருக்க மாப்ள, வெக்கப்படாம உள்ள வா. எங்க அலமாரியில கோப்பை எல்லாம் இருக்கு, தொடாமப் பாரு"ன்னான்.

"மச்சான், நேத்து வரைக்கும் அந்த அலமாரியில எலிதான் குட்டி போட்டுச்சு. இன்னைக்கு ரெண்டு கோப்பை வந்ததும் ராஜ பரம்பரை ஆயிட்டீங்களோ?"

மோரீன் ரெண்டு பேரையும் முன்வரிசையில விட்டுட்டு, மக கூட மேடைப் பக்கம் போயிட்டா. போறதுக்கு முன்னாடி, "ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கிட்டாலும் சரிதான்"னு சொல்லிட்டுத்தான் போனா.

இந்த ஊர்ல கச்சேரிக்கு வர்ற கூட்டம் இருக்கே, அது பாட்டுக் கேக்க வர்ற கூட்டம்னு நெனைச்சா நீங்க ஏமாளி. காசு குடுத்து உள்ள வந்து, பாடுறவன் பாட்டை இவனே கத்தித் தீத்துட்டு, தொண்டை கட்டி வீட்டுக்குப் போவான். நடுவுல பீர்க் குவளை பறக்கும். தலையில விழுந்தது சில்லுன்னு இருந்தா அதிர்ஷ்டம், பீரு. வெதுவெதுன்னு இருந்தா துடைச்சுக்கிட்டு, அதைப் பத்தி யோசிக்கக் கூடாது. வரிசையில நின்னு கழிப்பறைக்குப் போக சோம்பேறித்தனம், ஆனா ரெண்டு நாள் வரிசையில நின்னு டிக்கெட் வாங்கத் தெம்பு இருக்கும்! முதல்ல பாட வர்ற ஆளுன்னா கேக்கவே வேண்டாம். அது பாட்டே இல்லை, பீர் வாங்குற நேரம்.

பிரயோனி வந்து நின்னா. வெயிலு சாயலை இன்னும். சின்ன உருவம், பெரிய கிட்டாரு. பின்னால இருந்து ஒருத்தன், "யாரு நீ? யாரு நீ?"ன்னு கோஷத்தை ஆரம்பிச்சான். நாலு பேரு சேந்துக்கிட்டானுங்க. கென்னி கழுத்து நரம்பு புடைச்சுது. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். முதல் பாட்டு முடிஞ்சுது, வாயைத் தொறக்கலை. ரெண்டாவது பாட்டு முடிஞ்சுது, தொறக்கலை. மூஞ்சி பீட்ரூட் ஆயிடுச்சு. ராயே அசந்துட்டான். "மாப்ள, உசுரோடதான் இருக்கியா?"

கூட்டமும் மெல்ல அடங்குச்சு. அந்தக் குரல் அப்படி. பீர் வாங்கப் போனவன் கூட பாதியில நின்னான்.

பிரயோனி மைக்கைக் கிட்ட இழுத்தா. "இது நான் எழுதினது. எங்க அப்பாவைப் பத்தி. அவரு முன்னாடி நிக்குறாரு."

அவ்வளவுதான். நாப்பதாயிரம் பேரு முன்னாடி தன் பொண்ணு தன்னைக் காட்டினதும், கென்னிக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பொங்கிடுச்சு. அன்பு. சாதாரண மனுஷனா இருந்தா கண்ணைத் துடைச்சிருப்பான். கென்னிக்கு சின்ன வயசுல இருந்து பொங்குறதுக்கு ஒரே வழிதான் தெரியும். ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான்.

"எங்க புள்ள! சிவப்புப் புள்ள! எங்க புள்ள! சிவப்புப் புள்ள!"

கூட்டத்துல அங்கங்க பதுங்கியிருந்த சிவப்புக்காரன் எல்லாம் முழிச்சுக்கிட்டான். எதிரி வீட்டுல நம்ம கோஷம்! இதை விட்டுடுவானா? அரை நிமிஷத்துல பத்தாயிரம் தொண்டை. நீலக்காரன் சும்மா இருப்பானா? அவன் வீடாச்சே! மேடைக்கு முதுகைத் திருப்பிக்கிட்டு, ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் கை போட்டுக் குதிக்க ஆரம்பிச்சான். "சிவப்பெல்லாம் வெளியூரு! மேப்பு வாங்கி ஊரு சேரு!" சிவப்புக்கு உள்ளூர்ல ஆளே இல்லைன்னு கிண்டல். அதுல முதல் ஆளாக் குதிச்சது யாரு? தாய்மாமன் ராய். மருமக பாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குப் பக்தி!

மேடையில பிரயோனி வாயசைஞ்சுது, விரல் அசைஞ்சுது. ஒரு எழுத்து கேக்கலை. குவளை பறந்துச்சு, வெதுவெதுப்பு ரகம். ஒண்ணு கென்னி காதுலயே விழுந்துச்சு, அப்பவும் அவன் நிறுத்தலை. அவ கடைசி வரைக்கும் பாடி முடிச்சா. நிமிந்து அப்பனை ஒரு பார்வை பார்த்தா. உள்ள போயிட்டா.

மேடைக்குப் பின்னால கென்னி தொண்டை கிழிஞ்சு, நெஞ்சு நிமிந்து போய் நின்னான். "கண்ணு, கேட்டியா? அவனுங்க மைதானத்துலயே அவனுங்களை அமுக்கிட்டோம்!"

"பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?"

கென்னி வாயைத் தொறந்தான். மூடினான். மறுபடி தொறந்தான். வாழ்க்கையில முதல் தடவையா அதுல இருந்து ஒண்ணும் வரலை.

அதுக்கப்புறம் பார்க்கணும் அவன் அலைஞ்ச அலைச்சலை! மோரீன் கிட்ட கெஞ்சினான். அவ பக்கத்துல இருந்து முழுசாக் கேட்டவ. "முதல் வரியாவது சொல்லுடி."

"சொல்ல மாட்டேன். அழகா எழுதியிருந்தா. நீ கேட்டிருக்கணும்."

"அழகாவா? அப்ப நல்ல விதமாத்தான்..."

"அழகாத் திட்டவும் முடியும் கென்னி."

ராய் கிட்ட கேட்டான். ராய், "முதுகைத் திருப்பிட்டு இருந்தேன் மாப்ள, முதுகுக்குக் காது இல்லையே"ன்னான். கூட்டத்துல எல்லாவனும்தான் போன்ல படம் பிடிச்சானே, அதுல தேடினான். தேடித் தேடிப் பார்த்தா, எதைப் போட்டாலும் ஒரு கழுதை கத்துது. "யாருடா இவன், பாட்டையே கேக்க விடாம?"ன்னு அவனே எரிச்சலாகிக் கேட்டான். அது அவன் குரல்தான்னு புரியிறதுக்கு ரெண்டு வீடியோ ஆச்சு.

கடைசியில பிரயோனிக்கே பாவமாப் போச்சு. "வியாழக்கிழமை லீட்ஸ்ல ஒரு பப்புல பாடுறேன். அம்பது பேருதான் வருவாங்க. வேணும்னா வா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

லீட்ஸ்! மலைக்கு அந்தப் பக்கம். அந்த ஊர்க்காரனைப் பார்த்தா மான்செஸ்டர்ல சிவப்பும் காறித் துப்பும், நீலமும் காறித் துப்பும். ஆனாலும் கென்னி தயாரானான். சிவப்புச் சட்டை இல்லாம சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டான். கண்ணாடியில பார்த்து அவனுக்கே அடையாளம் தெரியலை. பல்லுல ஒட்டிக்கிற வெல்ல மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி, கெட்டியா ரெண்டு கட்டியை வாயில அடைச்சிக்கிட்டான். கூட ராய். "நான் உன் தோள்ல கை வெச்சிருக்கேன் மாப்ள. நீ மூச்சு விட்டாலும் அமுக்கிடுவேன்."

சின்ன பப்பு. ஊசி விழுந்தா கேக்கும். லீட்ஸ்காரன் எல்லாம் நல்ல புள்ளையா உக்காந்திருந்தான். பிரயோனி அதே மாதிரி சொன்னா, "எங்க அப்பாவைப் பத்தி." கென்னி வாயில மிட்டாய், தோள்ல கை, கண்ணுல தண்ணி. கிட்டார் ஆரம்பிச்சுது. அவ மூச்சை இழுத்தா.

பின்னால ஒரு தாடிக்காரன், பக்கத்துல இருந்தவன் காதுல மெதுவாத்தான் சொன்னான். பாராட்டித்தான் சொன்னான். "மான்செஸ்டர் பொண்ணாம். பரவால்லடா, அந்த ஊர்ல மழையைத் தவிர ஒண்ணு உருப்படியா வந்திருக்கு."

கென்னி பல்லைக் கடிச்சான். தாங்கிட்டான். சத்தியமா தாங்கிட்டான்! தாங்காதது தோள்ல கை வெச்சிருந்தவன்.

"எங்க மழையைப் பத்தி எவன்டா பேசினது?"ன்னு ராய் எந்திரிச்சான். "எங்க மழை மாதிரி ஒரு மழை உங்க ஊர்ல பேயுமாடா?"

மச்சானைத் தனியா விட முடியுமா? கென்னி மிட்டாயைத் துப்பினான். அது யார் பீர்லயோ விழுந்துச்சு. ரெண்டு பேரும் தோள் மேல கை போட்டுக்கிட்டு, முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரே கோஷம் போட்டானுங்க. "மழை! எங்க மழை! மழை! எங்க மழை!"

பப்புக்காரம்மா ரெண்டு பேரு காலரையும் பிடிச்சு, குப்பைப் பையைக் கொண்டு போய் வைக்கிற மாதிரி வெளிய வெச்சு, கதவைச் சாத்தினா. வெளிய மழை. லீட்ஸ் மழை, அதுல வேற நனைஞ்சானுங்க.

உள்ள பாட்டு நடந்துச்சு. கென்னி கதவுல காதை வெச்சான். கனத்த மரக்கதவு, ஒரு முணுமுணுப்புதான் வருது. கொஞ்ச நேரத்துல கைதட்டல். சாதாரணக் கைதட்டல் இல்லை. மேசையைத் தட்டுறான், காலை உதைக்குறான், ஒருத்தன் விசிலடிக்குறான், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!"ன்னு கத்துறான்.

"கேட்டியா மாப்ள! நல்ல பாட்டுதான் போல. உன்னை என்னமா புகழ்ந்திருக்கா!"ன்னான் ராய்.

கென்னி முகம் செத்துப் போச்சு. "யோசிச்சுப் பேசு மச்சான். லீட்ஸ்காரன் இவ்வளவு கை தட்டுறான்னா, அவ என்னைத் திட்டித்தான் பாடியிருக்கணும்."