மருமகனின் போனுக்குப் போன மெசேஜ்

லீசிங் கம்பனி ஒன்றுக்கு நான் நாற்பத்தொரு இலட்சம் ரூபா கடன்பட்டிருந்தேன். நெல் வெட்டும் மெஷினுக்காகப் பட்ட கடன். ஒரு தவணைகூடப் பிந்தாமல் கட்டி முடித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களில் இப்படிக் கட்டி முடித்த இன்னொருவனை நிந்தவூரில் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் அப்துல் ஸமட். மீசை முளைக்கும் முன்பே நெல் மூட்டை தூக்கியவன். இளந்தாரிக் காலத்தில், கூலியைக் குறைத்த முதலாளியின் ஆளை வாய்க்கால் தண்ணீருக்குள் அமுக்கி, மிச்சக் காசு கைக்கு வந்த பிறகுதான் அவன் தலையை விட்டேன். அவன் கடித்த தடம் என் முழங்கையில் இன்னும் கிடக்கிறது. என் காசைத் தொட்டவன் எவனும் முழுசாக வீடு போனதில்லை.

கடன் முடிந்ததும் வங்கியில் என் கிறிப் அறிக்கையை எடுத்தார்கள். ஒருவன் கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா, ஏமாற்றுகிறானா என்று சொல்லும் அறிக்கை அது. மனேஜர் எழும்பி, அண்ணன் முறை வைத்துக் கை தந்தார்.

“காக்கா, இந்த ஸ்கோர் எனக்கே இல்ல.”

“ஒங்களுக்குப் படிப்பு கூடிப் போச்சி சேர்” என்றேன்.

அந்தப் பேரைக் காவல் காக்க வழியுண்டா என்று கேட்டேன். வருசத்துக்கு ஒரு தொகை கட்டினால், என் பேரில் புதுக் கடன் ஏறினாலும் தவணை தவறினாலும் கடன் முடிந்தாலும் உடனே போனுக்கு மெசேஜ் வரும் என்றார். அங்கேயே கட்டினேன். நம்பரைக் கேட்டபோது மருமகன் றிபாஸின் நம்பரைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்போம். வந்தவருக்குத்தான் பெரிய மீன்துண்டு. மெசேஜ் இங்கிலீசில் வரும், அவருக்கு இங்கிலீஸ் தெரியும். அவர் நீட்டிய கடதாசியில் நான் கையெழுத்து வைப்பேன். மருமகன் தந்த கடதாசியை இன்னொருவனிடம் வாசிக்கக் கொடுப்பதைவிட அவரை முற்றத்தில் நிறுத்திச் செருப்பால் அடிக்கலாம். எந்த மாமனாரும் அதைச் செய்ய மாட்டான்.

போன பெரும்போக அறுவடையில் வீரமுனை வட்டையில் அழகரெத்தினத்தின் வயலை வெட்டிக்கொண்டிருந்தோம். வரம்போரம் ஒரு லொறி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

“மெஷின நிப்பாட்டுங்க! லீசிங்ல இருந்து வந்திரிக்கம்.”

“எந்த லீசிங்? இது கட்டி முடிச்ச மெஷின். போய் ஒங்கட வாப்பாட வளவுல தேடுங்க.”

“பழைய கடன் முடிஞ்சிதான் காக்கா. இதே மெஷினத் திரும்பப் போட்டு இருவது லச்சம் எடுத்திரிக்கீங்க. அஞ்சு மாசமா ஒரு சதம் கட்டல்ல” என்றான் இளையவன். மருதமுனைப் பொடியன், பெயர் இஹ்ஸான் என்று பிறகு அறிந்தேன்.

மற்றவன் பேச்சுக்கு நிற்கவில்லை. மெஷினில் ஏறி, சாரதி சுஜிந்தனைக் கொலரில் பிடித்துக் கீழே இழுத்தான். சுஜிந்தனின் வாய் இரும்புப் படியில் அடிபட்டது. இரண்டு பல்லும் இரத்தமும் வைக்கோலில் விழுந்தன. இஹ்ஸான் மெஷினை அணைத்துத் திறப்பைக் கழற்றக் கை நீட்டினான்.

மெஷினோடு எப்போதும் ஒரு இரும்பு அலவாங்கு கிடக்கும். எடுத்தேன், அந்தக் கையில் போட்டேன். பச்சைக் கொப்பு முறிந்த சத்தம் கேட்டது. மற்றவன் ஹெல்மெட்டால் என் தலையில் குத்தினான். நெற்றி பிளந்து, கண்ணை இரத்தம் மூடியது. ஒற்றைக் கண்ணால் பார்த்து அவனுடைய முழங்காலுக்கு ஒன்று கொடுத்தேன். அறுபத்தேழு வயதில்! அதற்குள் அழகரெத்தினம் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

“காக்காவில கை வெச்சா இந்த வயலுக்குள்ளயே தாட்டுருவன்டா!”

அவர் வீசிய வீச்சில் லொறிக் கண்ணாடி நொறுங்கியது. மற்றவன் நொண்டி நொண்டிப் போய் லொறியை எடுத்துக்கொண்டு ஓடினான். கூட்டாளியை விட்டுவிட்டு ஓடினான், நாய்.

இஹ்ஸான் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் இருந்தான். மறு கையால் ஒரு கடதாசியை எறிந்தான்.

“கையெழுத்து ஒங்கடதானே! தவணை தவற தவற மெசேஜ் போயிரிக்குமே. இந்தா, ஃபைல்ல நம்பரும் இரிக்கி.”

ஃபைலைப் பார்த்து நம்பரை உரக்க வாசித்தான். எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் எனக்குத் தெரியும். றிபாஸின் நம்பர்.

விசயம் அன்றைக்கே பொலிஸுக்குப் போனது. அங்கே பெரியவர் இரண்டே விசயம் சொன்னார். ஒரு கிழமைக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் மெஷின் சட்டப்படி போகும். பொடியன் முறைப்பாடு எழுதினால் நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவேன். முறிவுக்குப் பத்துப் போட்டுக் கையைக் கட்டியிருந்த இஹ்ஸான், மாத முடிவுக்குள் ஒன்றரை இலட்சம் தந்தால் எழுதமாட்டேன் என்றான். பிடிக்கிற வாகனத்துக்குத்தான் அவனுக்குக் காசு, சம்பளம் கிடையாது. நான் ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது றிபாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, தலையில ரெத்தம்?”

“மருமகன், எனக்கு வந்த மெசேஜெல்லாம் எங்க?”

சோற்றுக்குள் கை அப்படியே நின்றது. “அழிச்சிட்டன் மாமா. ஒங்களுக்குக் கவலையா இரிக்கும் எண்டு...”

சோற்றுக் கோப்பையை உதைத்தேன். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மூக்கு உடைந்து, வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு பாய்ச்சல். “டேய், எங்கடா அந்தக் காசு?” போனில் காசு பெருக்கும் விளையாட்டு ஒன்றில் முழுவதும் போய்விட்டதாம். இன்சூரன்ஸ் கடதாசி என்று சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இன்னொரு தரம் மோதினேன். மூன்றாம் தரம் ஓங்கும்போது என் மகள் ஹிமாயா குறுக்கே வந்தாள். கையில், நான் வாசலில் சாத்தியிருந்த அலவாங்கு.

“வாப்பா! இது என்ட வீடு. எழுதித் தந்தது நீங்கதான். என்ட வீட்டுக்குள்ள இன்னொரு அடி அடிச்சீங்கெண்டா, இது ஒங்கட தலையிலதான்.”

நான் கையை விட்டேன். அவள் திரும்பிப் புருசனின் கன்னத்தில் இரண்டு விட்டாள்.

“அடிக்கிறண்டா நான் அடிப்பன்!”

என் பிள்ளை அல்லவா. பிறகு வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள். “மெஷினக் காப்பாத்துங்க. இவர நான் பாத்துக்கிறன்.”

வளையலும், றிபாஸின் மோட்டார் சைக்கிளும், வங்கியில் நான் சேர்த்ததும் போயின. நிலுவையை மட்டுமல்ல, கடனையே முழுதாகத் தீர்த்தேன். அரைகுறை வேலை எனக்குச் சரிவராது. வங்கிக்குப் போய் மெசேஜ் வரும் நம்பரை மாற்றி என்னுடையதைக் கொடுத்தேன். மனேஜர் என் தலைக் கட்டைப் பார்த்துக்கொண்டே நம்பரைப் பதிந்தார்.

சுஜிந்தனின் வாய் ஆறும்வரை நானே மெஷின் ஓட்டினேன். பின்னால் நின்று மூட்டை கட்டியவர் மருமகன். சுஜிந்தனின் பல்லுக்குக் கொடுத்ததுபோக ஒன்றரை இலட்சம் சேர்ந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் சட்டைப்பையில் போன் துடித்தது. இங்கிலீஸ் மெசேஜ். யாரிடம் வாசிக்கக் கொடுப்பது? றிபாஸிடம் இனி இல்லை. ஹிமாயா என் மனம் நோகாமல் எதையாவது சொல்வாள். நான் கை உடைத்த இஹ்ஸானுக்கு என்னைச் சந்தோசப்படுத்த ஒரு தேவையும் இல்லை. காசை மடியில் கட்டிக்கொண்டு மருதமுனைக்கு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த இஹ்ஸானின் உம்மா அஸீஸா சத்தம் போட்டாள். “அடிச்சவரு வந்திரிக்காரு மகன்! கம்பி கிம்பி இரிக்கா பாரு!”

“என்ன காக்கா, மிச்சக் கையையும் ஒடைக்கவா?” என்றான் அவன்.

“மொதல்ல இத வாசி.”

வாசித்தான். திரும்ப ஒருதரம் வாசித்தான். “கடன் முடிஞ்சி, பாக்கி ஒண்டுமில்ல எண்டு வந்திரிக்கி. ஆனா தவணை தவறினது கொஞ்சக் காலத்துக்குக் கிடக்கும் காக்கா. ஸ்கோர் எறங்கித்தான் இரிக்கி.”

மனேஜரின் ஸ்கோரை மிஞ்சியிருந்தவன் நான்.

“ஏத்திக் காட்டுவன்” என்றேன். “கைய நீட்டு.”

அவன் இடது கையை நீட்டினான்.

“அத எடு. இடது கையில நான் ஆருக்கும் காசு வெச்சதில்ல.”

“வலது கைய நீங்கதானே ஒடைச்சீங்க!”

“ஒடைச்ச எனக்குக் குடுக்கவும் தெரியும். நீட்டு.”

பத்துக் கட்டுக்கு வெளியே நின்ற விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல விரித்தான். கீழே என் கையைத் தாங்கலாகக் கொடுத்து, ஐயாயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.