குறை பார்க்கும் கண்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் எனக்குத் தரம் பிரிக்கும் வேலை. ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, வடுவோ கீறலோ தெரிந்தால் தனியே தள்ளிவிட வேண்டும். அந்தக் கண்ணோடுதான் எண்ணெய் வர்ணத்தில் முகம் எழுதக் கற்றுக்கொள்ளப் போனேன். சொல்லித்தர ஆள் கிடையாது. மெட்ராசிலிருந்து வரவழைத்த வர்ணக் குழாய்களும் என் பிடிவாதமும்தான்.

அக்காவுக்குச் சயரோகம் முற்றியிருந்தது. அவள் மகளுக்கு இரண்டு வயது. குழந்தையைப் பக்கத்தில் விடவே கூடாதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"என் மொகம் அவளுக்கு நெனப்பு இருக்காதுடா. ஒரு படம் எழுதி வெச்சிடு," என்றாள் அக்கா.

ஒரு வாரத்தில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"யாரு இவ? அம்மைத் தழும்ப இன்னா பண்ண?"

"நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கொற இருந்தா தள்றதுக்கு இது இன்னா தோல் மண்டியா? எம்பொண்ணு இவள அம்மான்னு நெனச்சிக்கினா, நான் எங்கடா போறது?"

எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது. கன்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு தழும்பாகப் பார்த்து எழுதினேன். ஒட்டிய கன்னம், கண்ணடியில் கருப்பு, ஒன்றையும் விடவில்லை. முகம் அக்காவுடையதாகிவிட்டது, கண் மட்டும் செத்துக் கிடந்தது. என் தூரிகையையே பார்த்துக்கொண்டிருப்பவள் கண்ணில் என்ன வந்துவிடும்? மறுநாள் குழந்தையை முற்றத்தில் விளையாட விடச் சொன்னேன். அக்கா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தாள். நான் எதிரில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அழுதுகொண்டேதான் அந்தக் கண்களை எழுதினேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

படம் காய்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

அக்கா மகளுக்கு ஆறு வயதானபோது ஒருநாள் படத்தின் முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள்.

"மாமா, அம்மா என்னப் பாக்கவே இல்ல. வேற யாரயோ பாக்கறாங்க."

"உன்னத்தாம்மா பாக்கறாங்க. நீ அப்போ முத்தத்துல வெளையாடிக்கினு இருந்த."

"அப்ப ஏன் கிட்ட கூப்பிடல?"

அந்தக் கண்களில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவளை மடியில் உட்காரவைத்து, டாக்டரம்மா சொன்னதிலிருந்து தொடங்கி, வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.