'அமத்துங்க' என்றார் பாண்டி அண்ணன்

பாண்டி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, வாடிப்பட்டி வீட்டில். மாரடைப்பு என்று அவர் மகள் போனில் சொன்னாள்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் எலக்ட்ரீஷியன். அவர் வேலையைச் சரிபார்த்து, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆகவே பெரும்பாலும் சண்டைதான்.

இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்... பிடிவாதக்காரர். சத்தமும் அதிகம்.

ஒரு ஆறு சீட் விமானம். கேபினில் பழைய மஞ்சள் பல்புகள், பாதி எரியாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்இடி மாட்டினார். பட்டனை அழுத்த அழுத்த வெளிச்சம் ஒவ்வொரு படியாகக் கூடும்.

"ரேடியோவுல இரைச்சல் வருமாண்ணே?" என்று கேட்டேன். எல்இடி சில சமயம் அப்படிச் செய்யும்.

"இன்ஜினியர் மேடத்துக்கு எம்புட்டு சந்தேகம்! கல்யாண மண்டபம் கணக்கா ஜொலிக்குது, மொதல்ல அதப் பாருங்க."

தரையில் சோதித்தோம். இரைச்சல் இல்லை. ஆனாலும் பறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "அப்ப நானும் வாரேன்" என்று ஏறிக்கொண்டார்.

பைலட் சென்னைக்காரர், புதிதாகச் சேர்ந்தவர். அவருக்குப் பின் சீட்டில் நாங்கள் இருவர். பொழுது சாயும் நேரம். திரும்பி வந்து இறங்கும்போது லைட்டைப் போடச் சொன்னேன்.

ஹெட்செட்டில் கரகரவென்று... விமான நிலைய டவர் ஏதோ சொல்கிறது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ரன்வே நெருங்கிக்கொண்டிருந்தது.

"அமத்துங்க சார்!" என்று கத்தினார் பாண்டி அண்ணன்.

பைலட் பட்டனை அழுத்தினார். வெளிச்சம் கூடியது. இரைச்சலும் கூடியது.

"அமத்துங்கன்னு சொல்றேன்ல!"

"அமுத்திட்டுத்தாங்க இருக்கேன்!" மறுபடி அழுத்தினார்.

மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லைட்டை அமத்து என்றால் எங்களுக்கு அணை. சென்னைக்காரர் காதில் அது 'அமுத்து', அதாவது அழுத்து, என்று விழுந்திருக்கிறது.

நான் "ஆஃப்! ஆஃப்!" என்று கத்துவதற்குள் பாண்டி அண்ணன் பெல்ட்டைக் கழற்றி, முன்னால் பாய்ந்து, லைட்டுக்குப் போகும் கரண்டை நிறுத்தும் பிரேக்கரை இழுத்துவிட்டார்.

இருட்டு. உடனே டவரின் குரல், தெளிவாக. இறங்காதே, மேலே போ, ரன்வேயில் இன்னொரு விமானம் நிற்கிறது.

மேலே போனோம். ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினோம்.

கீழே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். "இம்புட்டையும் கழட்டச் சொல்றீகளே" என்று முறைத்தார். ஆனால் கழற்றினார். இரைச்சல் தராத வேறு செட் வாங்கி மாட்டி, மறுபடி பறந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை என்னோடு பேச்சில்லை. பைலட்டிடம் மட்டும், "சார்... சென்னையில லைட்ட எப்பிடித்தான் அமத்துவீக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த பைலட் இப்போது வேறு கம்பெனியில். மதியம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"லைட் போனதுலேர்ந்து இறங்குற வரைக்கும் அவர் கை என் தோள்ல இருந்துச்சு மேடம். லேசா தட்டிக்கிட்டே இருந்தாரு... உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் ஜன்னல் வழியாக ரன்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை காலை எடுக்கிறார்கள்.

வாரேன் அண்ணே.