நிலைப்படியில் நின்ற நூப்

போன வைகாசியில் ஒரு மத்தியானம். மதுரை காளவாசலில் ஒரு பிரியாணிக் கடை வாசல். நின்றவர்கள்: இன்ஜினியரிங் படித்த ஒரு தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு தங்கச்சி. அப்புறம் நான். மூவரும் ஆர்டர் வந்த வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள்.

நான் சேர்ந்து ஒரு வாரம்தான். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மழை இல்லை. மாட்டை விற்றாயிற்று. இந்த வேலைதான் கதி.

போனில் இங்கிலீஷில் மெசேஜ் வந்தது. தம்பியிடம் நீட்டினேன்.

"அண்ணே, ரெண்டு வீட்டுல கம்ப்ளைண்ட். சாப்பாட்டக் கையில தர மாட்டேங்கிறாராம். இன்னொண்ணு வந்தா வேலையவிட்டுத் தூக்கிருவாங்க. என்னதான் செஞ்சீங்க?"

சொன்னேன். எங்கள் பக்கம் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் எதையும் கொடுக்க மாட்டோம். சோறு என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் போகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் வாங்குகிறவர்களை வெளியே வரச் சொன்னேன். வரும்வரை பையை நீட்டவில்லை.

"சுத்த நூப்ணே நீங்க!" தம்பி சிரித்தார்.

"அப்படின்னா?"

"புதுசா வந்தவன இங்கிலீஷ்ல நியூபிம்பாங்க. 'நியூ பாய்'ங்கிறது தேஞ்சு அப்படி ஆச்சும்பாங்க, உறுதியாத் தெரியாது. கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறவங்க அத நூப்னு ஆக்கிட்டாங்க. நியூபின்னா கத்துக்கிருவான். நூப்னா சொன்னாலும் கேக்க மாட்டான்."

"நான் எதுல சேத்தி?"

"அடுத்த ஆர்டர்ல தெரிஞ்சிரும்ணே."

தங்கச்சி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் படியில வச்சு வாங்க மாட்டோம்ணே. நீங்க படிகிட்டயே போகாதீங்க. கேட்டுல நின்னு, வந்துட்டேன்னு போன் போடுங்க. அவங்களா வெளிய வருவாங்க."

அடுத்த ஆர்டர் வந்தது. கேட்டில் நின்றேன். போன் போட்டேன். இடுப்பில் குழந்தையோடு ஒருவர் படி இறங்கி கேட்டுக்கே வந்தார். வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்ணே" என்றார். கம்ப்ளைண்ட் வரவில்லை.

பழக்கத்தை விட வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

திரும்பி வந்ததும் தம்பி, "நியூபிதாண்ணே நீங்க" என்றார். இப்போது அவரும் படிக்குப் போவதில்லை. அந்தக் கடை வாசலில் ஆர்டருக்கு நிற்பவர்களில், வீட்டு கேட்டில் நின்று போன் போடுகிறவர்கள் இப்போது மூன்று பேர்.