ஆறாம் பக்கத்துக் கரண்டிகள்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். இந்த மலரின் ஆறாம் பக்கத்தைப் பார்த்து அச்சுப்பிழை என்று சிலர் நினைக்கலாம். வழக்கமாக மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் வரும் பக்கம் அது. அங்கே வரிசையாகக் கரண்டிகள் இருக்கின்றன. பிழை இல்லை. நான்தான் போடச் சொன்னேன்.

அக்கா மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினெட்டு, எனக்கு ஒன்பது. அந்த ஆண்டே தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பு முடியட்டும் என்று வந்த வரன்களைத் தள்ளினார். பிறகு வரன்கள் வரவில்லை. அதை ஒரு குறையாக நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் குடும்பத்துக் கல்யாணப் பாத்திரங்களில் எல்லாம் பெயர் வெட்டியது அவர் கைதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதிரில் இருக்கும் பொருளைத் தாளில் வரைந்து பார்ப்பார். ஒரு கரண்டி, பக்கத்தில் தலைகீழாக இன்னொன்று, நடுவில் மூடியின் குமிழுக்கு ஒரு வட்டம். அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் கொடி போல ஓடும். அதைப் பெயருக்குக் கீழே வெட்டத் தொடங்கியதும் கடை முதலாளி பிடித்துவிட்டார்.

“பேரு மட்டும் வெட்டும்மா, போதும். ஆளுங்க வரிசைல நிக்காங்கல்லா?”

“சரிங்க அண்ணாச்சி” என்றார் அக்கா. மறுநாளிலிருந்து பெயர் பக்கவாட்டில். கரண்டிகள் பாத்திரத்தின் அடியில். அடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடையாறு மருத்துவமனையில் இருந்தபோது ஃபைல் அட்டை முழுவதும் வரைந்தார்.

“நர்ஸ் திட்டுவாங்கக்கா. படுத்து ரெஸ்ட் எடு.”

“படுத்துக்கிட்டுத்தானடி வரையறேன்.”

பேனாவை வாங்கி வைத்துவிட்டேன். மறுநாள் காலி மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் நகத்தால் அழுத்தி அதே கரண்டிகளைப் போட்டிருந்தார். ஆறாம் பக்கத்தில் இருப்பது அந்த அட்டையின் படம். பேனாவை வாங்கியது தவறோ என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் பற்றியும் யோசித்தேன். பெரியவர்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அச்சுப்படியை எடுத்துக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு வடபழனியில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“புள்ளகுட்டி இல்லாதவளுக்கு இந்தப் பக்கம் எதுக்கும்மா? எடுத்துடு. கரண்டியப் பாத்தா வர்றவன் கேட்டரிங் விளம்பரம்னு நெனைப்பான்.”

ஆனாலும் சொன்னேன்: “உங்க டம்ளரத் திருப்பிப் பாருங்க பெரியப்பா.”

“காப்பி இருக்குடி.”

“குடிச்சிட்டுப் பாருங்க.”

குடித்தார். கவிழ்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பெரியம்மா சமையலறையிலிருந்து மற்ற டம்ளர்களையும் சம்படங்களையும் கொண்டு வந்து மேசை மேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஒன்றின் அடியில்கூடக் கரண்டிகள் விடுபடவில்லை.

“இத்தனை வருஷமா இதுலதான் குடிக்கிறேன்” என்றார் பெரியப்பா. அச்சுப்படியில் ஒரு திருத்தமும் போடாமல் திருப்பித் தந்தார். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். “எழுது” என்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசி வரை மதியச் சாப்பாடு அனுப்பிய கடை முதலாளிக்கும், நான் மருத்துவமனையில் இருந்த நாட்களில் என் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவுக்குப் பின் யாரும் இல்லை என்று சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சம்படத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். பிறகு வந்து என்னிடம் சொல்லுங்கள்.